கீழெல்லை

வில்லங்கச் சான்றில் முப்பது வருஷத்துக்கும்
'ஏதுமில்லை.'
பத்திரத்தில் வடக்கே வண்டிப்பாதை,
கிழக்கே பிச்சைக்கனி வகையறா புஞ்சை,
மற்ற இரண்டு பக்கமும் வாய்க்கால்.
இதற்குள்பட்ட நாற்பத்திரண்டு சென்ட்.
ஒத்தக்கடையில் என் அறைக்கு ஜமுனாராணி
அந்தப் பத்திரத்தோடுதான் வந்தார்.
மறுகையில் ஒரு லிட்டர் பாட்டில்.

சிந்தாமணி தாண்டி, மஹால் கட்ட வாங்கிய மனை.
வீட்டுக்காரரின் மில் பணம், வளையல், வங்கிக் கடன்.
போர் போட்ட அன்று தண்ணீர் பீய்ச்சியதும்
எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.
கைதட்டல் ஓய்ந்தபிறகு யாரோ,
"என்ன, மஞ்சளா வருது?"

"மஞ்சத்தண்ணி விசேஷத்துக்குத்தான்
வாடகைக்கு விடலாம்னு இருந்தேன்.
நிலம் முந்திக்கிருச்சு" என்று சிரித்தார்.
பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
எலுமிச்சைச் சாறு மாதிரி
பார்க்க நல்லாத்தான் இருந்தது.

குரோமியம்.
ஆய்வகம் அதைச் சொல்ல நாற்பது நாள்.
நாலு கிரயத்துக்கு முன்னால் அங்கே
விக்டரி பிளேட்டிங் ஒர்க்ஸ் இருந்ததைக் கண்டுபிடிக்க
எனக்கு ஏழு மாதம்.
சைக்கிள் ஹேண்டில்பார், பஸ் கைப்பிடி,
கல்யாண வீட்டுக் குழாய் நாற்காலி,
இந்த ஊரில் பளபளத்ததில் கொஞ்சம் அங்கே பளபளத்தது.
முதலாளி செத்துப்போனார்.
மூத்த வாரிசு நோட்டீஸை வாங்க மறுத்தார்,
இளையவர் வாங்கிவிட்டு மறுத்தார்.
அப்படியொரு பட்டறை எங்கள் பதிவேட்டிலேயே இல்லை
என்றது வாரியம்.

வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டும்
என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
எதைப் பார்த்து, சார்?
நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது,
எத்தனை அடி ஆழம் என்று
எந்தச் சார்பதிவாளர் கேட்டார்?
கீழெல்லை யாருடைய புஞ்சை?
அங்கே யார் கல் ஊன்றியது?

கீரைத்துறை டீக்கடை ஒன்றில் கிடைத்தார் சோணைமுத்து.
பத்தொன்பது வருஷம் தொட்டியில் முக்கி எடுத்தவர்.
பழைய மனு ஒன்றின் முதுகில்
பென்சிலால் படம் போட்டார்.
தொட்டி இங்க. குழி இங்க.
மழ வர்ற ராத்திரி இந்த மூடியத் தெறந்து விட்ருவோம்.
இத்தனை வருஷம் கழித்து எப்படி
இவ்வளவு துல்லியம் என்றேன்.
அவர் கேஸ் கட்டிலிருந்து ஒரு நூலை உருவி
ஒரு மூக்கில் விட்டு
மறு மூக்கில் எடுத்தார்.
"வலிக்காதும்மா" என்றார், என் முகத்தைப் பார்த்து.

வாரியம் தோண்டவேண்டும்,
செலவை வாரிசுகள் பெற்ற சொத்திலிருந்து
வசூலிக்கவேண்டும் என்று உத்தரவானது.
பென்சில் காட்டிய இடத்தில் பதினெட்டு அடி.
தார்ப்பாய் மூடிய லாரிகள்
கும்மிடிப்பூண்டிக்குப் போய்க்கொண்டே இருந்தன.
அள்ளியவர்களுக்கு வெள்ளைச் சட்டை, கையுறை, முகமூடி.
சோணைமுத்து வண்டிப்பாதையில் நின்று
முகமூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தரவைப் பதிவு செய்யவேண்டும் என்றேன்.
இனி வில்லங்கச் சான்றில் ஒரு வரி வரும்.
"வில்லங்கம்னு எழுதினா யாரு வருவா மஹாலுக்கு?"
எழுதாமல் இருந்ததால்தானே நீங்கள் வாங்கினீர்கள்.
ஜமுனாராணி பேனாவை மூடினார், திறந்தார்,
பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

சோணைமுத்துவுக்கு நானே சொல்லவேண்டியிருந்தது.
நிலத்துக்கு வழக்கு நின்றது.
உங்களுக்குக் காலவரம்பு கடந்துவிட்டது.
சம்பளப் பட்டியலிலும் உங்கள் பேர் இல்லை.
தலையாட்டினார். ஏற்கெனவே தெரிந்த மாதிரி.
வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"அந்தப் படத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்கம்மா."
எதுக்கு?
"நான் அங்க வேல பாத்தேங்கிறதுக்கு
வேற காயிதம் இல்ல."

கீழே கடையில்
கரண்ட் வரும்வரை இருவரும் நின்றோம்.
பென்சில் கோடு சரியாக விழவில்லை.
கொஞ்சம் கறுப்பைக் கூட்டி
இன்னொன்று எடுக்கச் சொன்னேன்.